தார் காணாத டஸ்கனி

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், சியெனா நகரைச் சுற்றியுள்ள குன்றுகளின் முகட்டை ஒட்டி வளைந்து போகும் தார் போடாத சாலைகளுக்கு ‘ஸ்ட்ராதே பியாங்கே’ என்று பெயர். வெள்ளைச் சாலைகள் என்று பொருள். சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் வெளிர்நிறக் கல்லை உடைத்துப் பரப்பி இறுக்கிய சரளைப் பாதைகள் இவை. கோடையில் ஒரு டிராக்டர் போனால் போதும், ஓரத்து ஆலிவ் மரங்கள் மாவு தூவியதுபோல் வெளுத்துவிடும். மழை பெய்தால் அதே மாவு களிம்பாகி டயரில் அப்பிக்கொள்ளும். இரண்டு தொல்லையும் தெரிந்தேதான் உலகெங்கிலுமிருந்து சைக்கிள்காரர்கள் இங்கே வருகிறார்கள். வண்டி வாகனத்துக்குப் பயப்படாமல் நாள் முழுக்க மிதிக்கலாம் என்பதுதான் காரணம்.

சியெனா மாவட்டத்தின் பரப்பு சுமார் 3,800 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை மூன்று லட்சத்தைத் தொடாது. அவர்களிலும் பெரும்பாலோர் ஊர்களில் வசிக்கிறார்கள். ஆகவே ஊரை விட்டு வெளியே வந்து, தார்ச்சாலையிலிருந்து சரளையில் இறங்கிவிட்டால் எதிரே வருவது அநேகமாக ஒரு பண்ணை வண்டியோ ஓர் ஆட்டு மந்தையோதான். சட்டப்படி பார்த்தால் இவை பொதுச் சாலைகள், கார்களுக்குத் தடையில்லை. வாகனமே நுழைய முடியாத பாதை வேண்டுமென்றால் கிழக்கே கியானா பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். அது தனிக் கதை, பின்னால் வரும்.

வெள்ளைச் சாலைகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சியெனாவுக்கு வடக்கே திராட்சைத் தோட்டங்களும் ஓக் காடுகளும் நிறைந்த கியாந்தியில் நிலத்தடியில் பாறை இருக்கிறது. ‘அல்பெரேசே’ என்ற வெளிறிய சுண்ணாம்புக் கல், ‘கலெஸ்த்ரோ’ என்ற அடுக்கடுக்காக உதிரும் களிப்பாறை இரண்டும் கலந்த மண் அது. மதுவுக்குப் பேர்போன திராட்சை விளைவதும் இந்த மண்ணில்தான்; சாலைக்குக் கல் தருவதும் இதே மண்தான். மழை பெய்தாலும் நீர் வடிந்துவிடும். ஏற்றங்கள் செங்குத்தானவை, ஆனால் நிழல் உண்டு.

தெற்கே போனால் காட்சி அடியோடு மாறிவிடும். ‘கிரேத்தே செனெசி’ என்றால் சியெனாவின் களிமண் நிலம். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சாம்பல் நீலக் களிமண்தான் இன்று குன்றுகளாக நிற்கிறது; உழுத வயலில் சிப்பி ஓடுகள் அகப்படுவது உண்டு. மழை அரித்த சரிவுகள் கத்தி முனைபோல் கூர்ந்து நிற்கின்றன. அவற்றுக்கு ‘கலாங்கி’ என்று பெயர். வேறு சில இடங்களில் களிமண் சிறு மொட்டைக் குவடுகளாகி, மேலே உப்புப் பூத்து வெள்ளையாகத் தெரியும். அவை ‘பியான்கானே’. மரம் குறைவு, நிழல் குறைவு, குடிநீர்க் குழாய் அதைவிடக் குறைவு. மே மாதத்தில் கோதுமைப் பச்சை அலையடிக்கும் இந்த நிலம், அறுவடை முடிந்த ஆகஸ்டில் கட்டாந்தரையாகக் கிடக்கும்.

குத்தகைக்காரர் விட்டுப்போன சாலை

ஐரோப்பாவின் பணக்கார நாடுகளில் ஒன்றில், புகழ்பெற்ற நகரங்களின் மடியிலேயே, இத்தனை சாலைகள் தார் காணாமல் எப்படித் தப்பின? அழகைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் முதலில் திட்டமிடவில்லை. சாலையைக் கேட்டுப் போராட வேண்டிய ஆட்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்பதே உண்மையான பதில்.

டஸ்கனியின் நாட்டுப்புறம் பல நூற்றாண்டுகள் ‘மெத்சாத்ரியா’ என்ற வார முறையில் இயங்கியது. நிலமும் வீடும் உடைமையாளருடையவை. உழைப்பு குத்தகைக் குடும்பத்துடையது. விளைச்சல் ஆளுக்குப் பாதி. குடியானவர்கள் ஊருக்குள் கூடி வாழவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தான் உழும் நிலத்தின் நடுவே, பெரும்பாலும் குன்றின் தலையில் இருக்கும் கல்வீட்டில் வாழ்ந்தது. அந்த ‘பொதேரே’ ஒவ்வொன்றையும் எஜமானரின் பெரிய வீட்டோடும், மாவு மில்லோடும், தேவாலயத்தோடும் இணைக்க ஒரு மாட்டுவண்டிப் பாதை வேண்டியிருந்தது. இன்று வரைபடத்தில் நரம்புபோல் பின்னிக் கிடக்கும் வெள்ளைச் சாலைகள் அப்படி உண்டானவை. குன்றின் அடிவாரத்தில் போகாமல் அவை முகட்டில் போவதற்கும் காரணம் இதுதான்: வீடுகள் மேலே இருந்தன, கீழே களிமண் சேறு.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இந்த ஏற்பாடு ஆட்டங்கண்டது. பாதிப் பங்கு போதாது என்று குத்தகைக்காரர்கள் போராடினார்கள். 1947-ல் அவர்கள் பங்கு 53 சதவீதமாக உயர்ந்தது. அந்த மூன்று சதவீதம் யாரையும் மண்ணில் பிடித்து வைக்கவில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இளைஞர்கள் தொழிற்சாலை வேலைக்கு நகரங்களை நோக்கிப் போனார்கள். 1964-ல் புதிய வார ஒப்பந்தங்களுக்குச் சட்டம் தடை விதித்தது. மிச்சமிருந்தவற்றைப் பணக் குத்தகையாக மாற்ற 1982-ல் இன்னொரு சட்டம் வந்தது. அதற்குள் ஏராளமான கல்வீடுகள் பூட்டிக் கிடந்தன. களிமண் நிலத்தில் கைவிடப்பட்ட பண்ணைகளுக்கு சார்தீனியத் தீவிலிருந்து மேய்ப்பர்கள் ஆடுகளோடு வந்து குடியேறினார்கள். பியென்சா ஊரின் பெயரில் இன்று விற்கும் செம்மறிப் பால்கட்டிக்கு அந்த வரவும் ஒரு காரணம். நாடு முழுக்கத் தார்ச்சாலை போட்ட அதே பத்தாண்டுகளில், இங்கே அதைக் கேட்டு மனுக் கொடுக்க ஆளில்லை.

ஓவியங்கள் வேறு விதமாக நம்ப வைக்கும். சியெனாவின் நகர மாளிகைச் சுவரில் அம்ப்ரோஜோ லொரென்செத்தி 1338-39-ல் தீட்டிய ‘நல்லாட்சி’ ஓவியத்தில், குன்றுகளுக்கிடையே சாலையும் வயலும் மூட்டை ஏற்றிய விலங்குகளும் தெரிகின்றன. அந்தக் காட்சி எழுநூறு ஆண்டுகளாக அப்படியே உறைந்து நிற்கிறது என்று வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்லிவிடும். ஓர்ச்சா பள்ளத்தாக்கு 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததற்கும் இந்த ஓவிய மரபு ஒரு காரணம். ஆனால் அதே பள்ளத்தாக்கில் காலண்டர்களில் தவறாமல் இடம்பெறும் ஒரு சாலை இருக்கிறது. வழுக்கைக் குன்றின்மேல் சைப்ரஸ் மரங்களோடு வளைந்து வளைந்து ஏறும் அது பழமையானதே அல்ல. 1920-களில் லா ஃபோச்சே பண்ணையை வாங்கிய ஐரிஸ் ஒரீகோ, அந்தோனியோ ஒரீகோ தம்பதி வறண்ட களிமண் நிலத்தைத் திருத்தியபோது போட்ட சாலை அது. தாத்தா காலத்துச் சாலையைத்தான் பலரும் இடைக்காலம் என்று படம் பிடிக்கிறார்கள்.

காயோலேயும் கம்பிச் சக்கரமும்

கேட்பாரற்றுக் கிடந்த சாலைகளுக்கு ஆதரவாக முதலில் குரல் கொடுத்தவர்களில் ஜான்கார்லோ ப்ரோச்சி முக்கியமானவர். கியாந்தியில் மூவாயிரம் பேர்கூட வசிக்காத காயோலே என்ற ஊரில், 1997-ல் அவர் ‘லெரோய்க்கா’ என்ற சைக்கிள் பயணத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டில் 92 பேர் வந்தார்கள். சரளைச் சாலைகளைத் தாரிலிருந்து காப்பாற்றுவதும், பழைய காலச் சைக்கிள் ஓட்டத்தின் உழைப்பை நினைவூட்டுவதும் நோக்கம். இப்போது ஒவ்வோர் அக்டோபரும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். காயோலேயில் அந்த வாரம் தங்க இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

வருகிறவர் ஓட்டும் சைக்கிள் 1987-க்குப் பிந்திய வகையாக இருக்கக்கூடாது. எஃகுச் சட்டம், அதன் கீழ்க்குழாயில் பொருத்திய கியர் நெம்புகோல், கால்விரலைத் தோல்பட்டையால் கட்டும் பெடல், ஹேண்டில்பாருக்கு மேலே வளைந்து தெரியும் பிரேக் கம்பி: இவை விதி. உடையும் கம்பளிச் சட்டையாக இருந்தால் நல்லது. 209 கிலோமீட்டர் நீண்ட பாதையை எடுப்பவர்கள் இருட்டிலேயே கிளம்பி, விளக்கு வரிசை வைத்த ப்ரோலியோ கோட்டையின் ஏற்றத்தைக் கடக்கிறார்கள். வழியில் சத்துப்பொடியோ ஜெல் பாக்கெட்டோ தருவதில்லை; ரொட்டியும் காய்கறியும் போட்டுக் கொதித்த ‘ரிபொல்லீத்தா’ சூப், ரொட்டி, ஒரு கோப்பை கியாந்தி. போட்டியல்ல என்பதால் முதலில் வந்தவர் யார் என்ற கேள்வியே இல்லை. 23, 25 மில்லிமீட்டர் டயரோடு சரளை இறக்கத்தில் இறங்கி, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, டியூப் மாற்றக் குந்தியிருப்பவர்களின் முகத்தில் ஏன் அத்தனை சந்தோஷம் என்பதை விதிப்புத்தகம் சொல்லாது.

இந்தப் பயணத்தின் வழித்தடம் இப்போது ஆண்டு முழுவதும் பலகைகளோடு இருக்கிறது. அக்டோபர் கூட்டம் வேண்டாதவர்கள், நவீன சைக்கிளோடு எந்த நாளும் அதில் போகலாம். உண்மையில் அதுதான் புத்திசாலித்தனம்.

தொழில்முறைப் போட்டி இதன் வயிற்றில் பிறந்த குழந்தை. 2007 அக்டோபரில் முதன்முதலாக நடந்த ஓட்டத்தில் ரஷ்யாவின் அலெக்சாண்டர் கொலோப்னெவ் வென்றார். அடுத்த ஆண்டே அது மார்ச் மாதத்துக்கு மாறியது. சாலைகளின் பெயரே பிறகு போட்டிக்கும் பெயராயிற்று. சுவிட்சர்லாந்தின் ஃபாபியான் கான்செல்லாரா 2008, 2012, 2016 என மூன்று முறை வென்றார். பெண்களுக்கான ஓட்டம் 2015-ல் வந்தது. முதல் வெற்றி அமெரிக்காவின் மேகன் குவார்னியருக்கு. கடைசியில் சியெனாவின் சாந்தா கத்தெரினா தெருவில் 16 சதவீதச் சரிவை ஏறி, குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன காம்ப்போ சதுக்கத்தில் ஓட்டம் முடியும். 2024-ல் 215 கிலோமீட்டர் ஓட்டத்தில் 71 கிலோமீட்டருக்கு மேல் சரளை. முடிவுக்கு 81 கிலோமீட்டர் இருக்கும்போதே ஸ்லோவேனியாவின் தாதே பொகாச்சார் கூட்டத்தை உதறிவிட்டுத் தனியாகக் கிளம்பினார். பிறகு அவரை யாரும் எட்டவில்லை.

களிமண் எப்படிப்பட்டது என்பதை உலகம் பார்த்தது 2010 மே மாதத்தில். இத்தாலியச் சுற்று ஓட்டத்தின் ஏழாம் நாள், மொந்தால்சினோவை நோக்கிய சரளைப் பாதையில் கொட்டும் மழை. வீரர்களின் முகம், சட்டை எண், அணியின் நிறம் எதுவும் தெரியாமல் எல்லோரும் ஒரே சாம்பல் பொம்மைகளாக வந்தார்கள். ஆஸ்திரேலியாவின் கேடல் எவன்ஸ் வென்றார். அவர் அணிந்திருந்த உலக சாம்பியனின் வானவில் சட்டையும் சேற்று நிறமாகவே இருந்தது.

சக்கரத்தின் அடியில்

மொந்தே சாந்தே மாரியே என்ற துண்டு, சியெனாவின் தென்கிழக்கே அஷியானோவை நோக்கி 11.5 கிலோமீட்டர் நீளம் கொண்டது. 2024-ல் பொகாச்சார் பிரிந்தது இங்கேதான். கான்செல்லாராவின் பெயர் சூட்டிய பகுதியும் இதுவே. நெடிய ஏற்றம் என்று ஒன்றும் இல்லை. குட்டையான, முரட்டு ஏற்றங்கள். ஏறி முடித்து மூச்சு வாங்கும் முன்பே இறக்கம். இறக்கத்தின் அடியில் திருப்பம். திருப்பம் முடிந்ததும் மறுபடி ஏற்றம். கடை இல்லை, வீடு அரிது. காற்று வீசும் நாளில் முகட்டில் ஒதுங்க ஒரு சுவர்கூட இல்லை. இந்த வட்டாரத்தில் ஒரே ஒரு சரளைச் சாலையை ஓட்டிப் பார்க்கத்தான் நேரம் என்றால் இதையே ஓட்டலாம்.

சரளைக்கென்றே ஒரு சைக்கிள் பாடம் உண்டு. வாகனச் சக்கரம் ஓடி ஓடி இறுகிய இரண்டு தடங்கள் கெட்டியாக இருக்கும். நடுமேட்டிலும் ஓரத்திலும் உதிர்கல் சேர்ந்திருக்கும். தடத்தை விட்டு மாறும்போதுதான் பெரும்பாலோர் விழுகிறார்கள். செங்குத்தான ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தின் பாரம் குறைந்து அது வழுக்கிச் சுழலும். ஆகவே இருக்கையிலேயே முன்னுக்குச் சாய்ந்து, சின்ன கியரில் சுற்ற வேண்டும். இறக்கத்தில் முன்பிரேக்கைத் திருப்பத்துக்கு முன்பே பிடித்து முடித்துவிட வேண்டும், திருப்பத்துக்குள் அல்ல. வேகமாகப் போகும் வாகனங்களின் சக்கரம் துள்ளித் துள்ளி உண்டாக்கிய அலைமேடுகள் சில இறக்கங்களில் உண்டு. துணி துவைக்கும் பலகையின் மேல் ஓட்டுவதுபோல் இருக்கும். கைப்பிடியை இறுக்கினால் தோள்வரை உதறும். தளர்த்திப் பிடித்தால் சைக்கிளே வழி பார்த்துக்கொள்ளும். 40 மில்லிமீட்டர் அகல டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் பாதித் தொல்லை தீரும். பசையான எண்ணெய் போட்ட செயினில் வெண்புழுதி ஒட்டி உப்புக் காகிதமாக அரைக்கும் என்பதால் உலர்வகை எண்ணெயே இங்கே உகந்தது.

ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரையும், செப்டம்பர், அக்டோபரும் நல்ல காலம். குளிர்காலத்தில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். வேட்டை நாளில் மரங்களில் அறிவிப்புக் கட்டியிருந்தால் அந்தப் பாதையைத் தவிர்ப்பதே நல்லது. மதியத்தில் சிற்றூர்க் கடைகள் சில மணி நேரம் மூடிவிடும். தண்ணீர் தீர்ந்தால் ஊருக்கு வெளியே இருக்கும் கல்லறைத் தோட்டத்தைத் தேடுவது இத்தாலியச் சைக்கிள்காரர்களின் பழக்கம். பூச்செடிக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும். மந்தையோடு வெள்ளை நிற மரேம்மா காவல் நாய்கள் நின்றால் வேகமெடுக்கக்கூடாது. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, மெதுவாக உருட்டிக்கொண்டு விலக வேண்டும்.

இரவு தங்கப் பழைய கல்வீடுகளே இடம் தருகின்றன. 1985-ல் வந்த சட்டம் விவசாயிகள் பண்ணையில் விருந்தினரைத் தங்கவைத்து வருமானம் பார்க்க வழி செய்தது. ‘அக்ரிதூரிஸ்மோ’ என்ற பலகை தொங்கும் வீடுகளில் பல, வாரக் குத்தகைக்காரர் பூட்டிவிட்டுப் போனவை. அவர்கள் மாட்டைக் கட்டிய தரைத்தளத்தில் இன்று சைக்கிளைச் சாத்தி வைக்கிறார்கள். இந்த வீடுகளுக்குப் போகும் சாலை வெள்ளையாக இருப்பதே விருந்தினருக்கு ஈர்ப்பு. அந்தச் சாலையோரம் ஆண்டு முழுக்கக் குடியிருப்பவருக்கோ ஜன்னலைத் திறந்தால் புழுதி. தார் வேண்டும் என்று அவர் கேட்டால் அதைக் குறை சொல்ல முடியாது.

நீருக்கு வெட்டிய பாதை

கார் ஒன்றுகூட வராத பாதை அரெஸ்ஸோவுக்கும் கியூசிக்கும் நடுவில் இருக்கிறது. ‘சென்தியேரோ தெல்லா போனிஃபிக்கா’, அதாவது நிலமீட்புப் பாதை. சுமார் 62 கிலோமீட்டர், பெரும்பகுதி சரளை. கியானா பெருங்கால்வாயின் கரையில் கால்வாயைப் பராமரிக்கிறவர்கள் நடந்த தடம்தான் இன்று சைக்கிள் பாதை. ஏற்றம் இறக்கம் அநேகமாக இல்லை. கியாந்தியில் தொடை வலித்தவர்களுக்கு இது ஓய்வு நாள். இதைச் சலிப்பு என்று சொல்பவர்கள் உண்டு; கால்வாயின் கதை தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கியானா ஒரு காலத்தில் தெற்கே ஓடி, தைபர் நதியோடு சேர்ந்து ரோமுக்குப் போனது. ரோமில் வெள்ளம் வருகிறது, கியானாவை வடக்கே ஆர்னோ நதிக்குத் திருப்பினால் என்ன என்று கி.பி. 15-ல் ரோமானிய செனட் விவாதித்தது. எங்கள் ஊர் மூழ்கும் என்று ஃப்ளாரன்ஸ்காரர்கள் தூது அனுப்பித் தடுத்தார்கள் என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். பள்ளத்தாக்கின் சரிவு மிகக் குறைவு என்பதால் நாளடைவில் நீர் எந்தப் பக்கமும் போகாமல் தேங்கியது. இடைக்காலத்தில் அது மலேரியாச் சதுப்பு. தாந்தே தன் நரகக் காண்டத்தில் நோயாளிகளின் துன்பத்துக்கு உவமை சொல்ல இந்தப் பள்ளத்தாக்கை எடுத்தார். லியோனார்தோ தா வின்சி 1500-களின் தொடக்கத்தில் வரைந்த வரைபடத்தில் பள்ளத்தாக்கின் நடுவே நீண்ட நீர்ப்பரப்பு நீலமாகக் கிடக்கிறது.

நீரை வடிக்கக் கால்வாய் மட்டும் போதவில்லை. நிலத்தையே உயர்த்த வேண்டியிருந்தது. மலையோடைகள் மழைக்காலத்தில் கொண்டுவரும் கலங்கல் நீரைக் கரை கட்டிய பெரும் பாத்திகளுக்குள் திருப்பிவிடுவார்கள். வண்டல் படியும், தெளிந்த நீரை வடித்துவிடுவார்கள். அடுத்த மழைக்கு மறுபடியும் அதே வேலை. ஆண்டுக்கணக்கில் இப்படிச் செய்தால் பள்ளம் மேடாகும். ‘கொல்மாத்தா’ என்ற இந்த முறையை டஸ்கனியின் பெருங்கோமகன் பியெத்ரோ லெயோபோல்தோ காலத்தில், 1788-ல் பொறுப்பேற்ற வித்தோரியோ ஃபொஸ்ஸொம்ப்ரோனி முறைப்படுத்தி நடத்தினார். தெற்கே ஓடிய ஆறு வடக்கே ஆர்னோவுக்குத் திரும்பியது. ரோமானியர் கைவிட்ட யோசனை அது. சதுப்பு கோதுமை வயலானது. கியானீனா என்ற மாபெரும் வெள்ளை மாட்டினம் இந்தப் பள்ளத்தாக்கின் பெயரைத்தான் சுமக்கிறது.

பாதையின் வடமுனையில், அரெஸ்ஸோவுக்கு அருகே, துறவிகளின் அணை என்று பொருள்படும் ‘கியூசா தேய் மோனச்சி’ இருக்கிறது. மடத்துத் துறவிகள் ஆலை ஓட்டக் கட்டிய தடுப்பின் வழி வந்தது. தென்முனையில் மொந்தேபுல்சானோ, கியூசி என்ற இரண்டு ஏரிகள் பழைய சதுப்பின் எச்சங்களாகக் கிடக்கின்றன. நாணல் காட்டில் நாரைகளும் நீர்க்கோழிகளும் தெரியும். கியூசி ஏரிக்கரையில் இரண்டு கோபுரங்கள். எண்கோண வடிவில் சியெனா கட்டியதற்கு ‘பெக்காத்தி க்வெஸ்தோ’ என்று பெயர்: இதை வாங்கிக்கொள். பெருஜா அதற்கு எதிரே இன்னொன்றைக் கட்டி ‘இதையும் வாங்கிக்கொள்’ என்று பெயர் வைத்தது. எல்லைச் சண்டையில் அரசுகள் ஒன்றையொன்று இப்படிக் கிண்டல் செய்தது அபூர்வம்.

பாதையின் இரு முனை ஊர்களுமே ஃப்ளாரன்ஸ் - ரோம் பழைய ரயில் தடத்தில் இருக்கின்றன. சைக்கிள் படம் போட்ட வட்டார ரயிலில், சைக்கிளுக்கும் ஒரு சீட்டு எடுத்து ஏற்றிக்கொண்டு போகலாம்; அதிவேக ரயிலில் என்றால் மடித்தோ கழற்றியோ பையில் போட வேண்டும். குழந்தைகளோடு வருகிறவர்கள் கியானாக் கரையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கால் வலுவுள்ளவர்கள் சியெனாவில் இறங்கி, அஷியானோவுக்கு வெள்ளைச் சாலையில் போகட்டும். கிளம்பும் முன் தண்ணீர் பாட்டில் இரண்டையும் நிரப்பிக்கொள்ளட்டும்.